மூளைக்கும் மூத்திரப்பைக்கும் நடுவில் ஒரு முகூர்த்தம்

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் சாலையில் ஓர் ஆண்பிள்ளை கௌரவமாக ஒதுங்கக்கூடிய இடங்கள் பத்து. ஏழு பெட்ரோல் பங்க், மூன்று ஓட்டல். மூடிக் கிடக்கும் மாங்கூழ் தொழிற்சாலை ஒன்றின் பின்சுவரையும் சேர்த்தால் பதினொன்று. அதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

இந்தக் கணக்கு என் தலையில் ஏறியது ஓய்வு பெற்ற பிறகுதான். அதற்கு முன் முப்பத்து நான்கு வருடம் எல்லைப்புற ஊர்களில் தமிழ் வழிப் பள்ளிகளில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். இடைவேளை மணி அடித்தால் போவேன், அடிக்காவிட்டால் போகமாட்டேன். என் மூத்திரப்பை எனக்கு ஒருநாளும் தொந்தரவு கொடுத்ததில்லை. பள்ளிக்கூடத்திலேயே ஒழுங்கானது அதுதான் என்றுகூடச் சொல்லலாம்.

எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. யார் எந்த ஊருக்குக் கிளம்பினாலும் வாசலில் நிறுத்தி, "எதுக்கும் ஒரு தபா போய்ட்டு வந்துடு" என்று திருப்பி அனுப்புவார்கள். கார்வேட்டிநகரம் பக்கம் பஸ் ஏறினால் புத்தூர் வரை ஒதுங்க வழியில்லை என்ற காலத்தில் வந்த வழக்கமாக இருக்க வேண்டும். வருகிறதோ இல்லையோ, போக வேண்டும். ஓய்வு பெற்றுச் சித்தூரில் குடியேறிய பின் இந்த வழக்கத்தை நான் சற்று அதிகமாகவே கடைப்பிடித்தேன். காய்கறிக் கடைக்குப் போகும்முன் ஒரு தடவை. டிவியில் செய்தி தொடங்கும்முன் ஒரு தடவை. வீட்டைப் பூட்டிவிட்டு, எதுக்கும் என்று திறந்து, இன்னொரு தடவை. கடைசியில் வெளியே போய்த் திரும்பும்போது பூட்டில் சாவி நுழைந்த மாத்திரத்தில் உள்ளே அவசரம் பிறந்துவிடும். அதுவரை இல்லாதது, சாவியைப் பார்த்ததும் வந்துவிடும்.

இதெல்லாம் என்னோடு போகிற விஷயமாகத்தான் இருந்தது, என் இளைய மகளுக்குக் கல்யாணம் கூடிவரும் வரை.

அவளுக்கு முப்பத்து மூன்று வயது. திருப்பதியில் ஒரு வங்கியில் வேலை. வந்த வரனையெல்லாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவள், தானாக ஒருவரைப் பார்த்துச் சரி என்றாள். திருப்பதித் தெலுங்குக் குடும்பம். மாப்பிள்ளை கல்லூரியில் பாடம் நடத்துகிறார். முகூர்த்தம் குறித்து லக்ன பத்திரிகை எழுத அவர்கள் சித்தூருக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். புரோகிதர் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்ததிலிருந்து தாம்பூலத் தட்டு மாற்றியது வரை நான் மூன்று முறை எழுந்து போனேன். மூன்றாவது முறை திரும்பி வந்தபோது தட்டு என் தம்பியின் கையில் இருந்தது.

அவர்கள் கார் தெருமுனை திரும்பியதும் என் மனைவி ஆரம்பித்தாள்.

"இன்னாங்க இது? அவங்க பத்திரிகை படிச்சிக்கினு கீறாங்க, நீங்க பாட்டுக்கு எயுந்து போய்க்கினு கீறீங்க. மாப்பிள்ளையோட பெரியம்மா என்னப் பார்த்து, 'அன்னய்யகாருக்கு ஒண்ட்லோ பாகலேதா'ன்னு கேக்கறாங்க. உடம்பு சரியில்லயான்னு கேட்டா நான் இன்னா சொல்றது?"

"ஷுகர்னு சொல்லேன்."

"ஷுகர் எனக்குத்தான் கீது. நான் ஒக்காந்த எடத்துலதான ஒக்காந்துக்கினு இருந்தேன்?"

என் தம்பிக்கு என்னைவிட இரண்டு வயது குறைவு. திருப்பதியில் ஏறினால் பெங்களூரில்தான் இறங்குவான், நடுவில் பஸ் நின்றாலும் இறங்கமாட்டான். இதைப் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லவும் செய்வான். அவன் மிக்சரைக் கொறித்துக்கொண்டே பேசினான்.

"ண்ணா, தப்பா எடுத்துக்காத. அவங்க முறையில கன்யாதானம்னா ஒண்ணரை மணி நேரம் மணையில ஒக்காரணும். நடுவுல எயுந்தா அபசகுனம்னுவாங்க. ஒரு பேச்சுக்குச் சொல்றேன், சித்தப்பனும் தகப்பன் மாதிரிதான. நானும் என் பொண்டாட்டியும் ஒக்காந்துட்டா…"

அவன் வாக்கியத்தை முடிக்கவில்லை. என் மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அவன் உட்கார்ந்தால் அவன் மனைவிதானே பக்கத்தில் உட்கார வேண்டும்? அதாவது என் மகளைத் தாரை வார்க்கும்போது என் மனைவி கூட்டத்தில் ஒருத்தியாக நாற்காலியில் இருப்பாள். பெற்றது அவள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு செம்பு பிடிப்பது ஓரகத்தி. இது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுக்கு முன்பே உறைத்திருந்தது.

மகள் தட்டுகளை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "நைனா ஒக்காரலன்னா நானும் ஒக்கார மாட்டேன். ரிஜிஸ்டர் ஆபீஸ் போய்க் கையெழுத்து போட்டுட்டு வந்துடறேன். அங்க அஞ்சு நிமிஷம்தான்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் என்னைப் பார்க்காமல் சொன்னாள். கல்யாணத்துக்கு இரண்டரை மாதம் இருந்தது.

மறுவாரமே திருப்பதியில் ஒரு பெண் டாக்டரிடம் என் மனைவி என்னை இழுத்துப் போனாள். போகும் வழியில் பத்தில் நான்கு இடங்களைப் பயன்படுத்தினோம், அதாவது பயன்படுத்தினேன். டாக்டர் தெலுங்குக்காரர். வேலூர்ப் பக்கம் படித்ததால் தமிழ் நன்றாகப் பேசினார். நான் வாத்தியார் என்று தெரிந்ததும் "மாஸ்டாரு" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். ஸ்கேன் எடுத்தார், இரத்தம் பார்த்தார். மூன்று நாள் எப்போது போகிறேன், ஒவ்வொரு தடவையும் எவ்வளவு என்று அளந்து எழுதிவரச் சொன்னார்.

அளந்து எழுதச் சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்! சமையலறையில் கோடு போட்ட பிளாஸ்டிக் ஜாடி ஒன்று இருந்தது. அதை எடுத்துக்கொண்டேன். என் மனைவி அதைத் தேடி, எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. புது ஜாடி வாங்கிக் கொடுத்தும் அதில் பால் ஊற்ற மறுத்துவிட்டாள்.

நான் கொண்டுபோன வரைபடத்தாளை டாக்டர் ரொம்ப நேரம் பார்த்தார். சராசரி, இடைநிலை, உச்சம், தாழ்வு எல்லாம் போட்டிருந்தேன்.

"மாஸ்டாரு, இதுவரைக்கும் எனக்கு யாரும் கிராஃப் போட்டுக் கொண்டுவந்ததில்ல," என்றார். "இப்ப பாருங்க. கல்லு இல்ல, இன்பெக்ஷன் இல்ல, ப்ராஸ்டேட் உங்க வயசுக்கு எவ்வளவு இருக்கணுமோ அவ்வளவுதான். பை நல்லாத்தான் இருக்கு. சேதி போறதுலதான் தகராறு."

மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு பை வரைந்தார். அதிலிருந்து ஒரு கோடு முதுகுத்தண்டின் அடிக்குப் போயிற்று. அங்கிருந்து இன்னொரு கோடு மேலேறித் தலைக்குப் போயிற்று. பையின் சுவரில் நரம்பு முனைகள் இருக்கின்றன. பை விரிய விரிய அவை இழுபடுகின்றன. அந்தச் சேதிதான் மேலே ஏறுகிறது. மூளையின் முன்பக்கம் அதைப் பார்த்து, இடமும் நேரமும் யோசித்து, 'இப்போது வேண்டாம்' என்று பதில் அனுப்புகிறது. பை அடங்கிக் கிடக்கிறது. கைக்குழந்தைக்கு இந்தப் பதில் சொல்லத் தெரியாது. இரண்டு மூன்று வயதில் கற்றுக்கொள்கிறோம்.

"நீங்க மறந்துட்டீங்க," என்றார்.

"மறதியெல்லாம் எனக்குக் கிடையாது."

"நீங்க இல்ல மாஸ்டாரு, உங்க மூளை. வராதப்பவும் போய்ப் போய், சின்ன சேதிக்கெல்லாம் 'சரி, வா'ன்னு பதில் சொல்லிப் பழகிடுச்சு. ஷேர் ஆட்டோ இருக்கில்ல? பத்துப் பேர் ஏறாம டிரைவர் எடுக்க மாட்டான். உங்க ஆட்டோ ரெண்டு பேர் ஏறினதும் கெளம்பிடுது. சாவி, குழாய்ச் சத்தம், பாத்ரூம் கதவு, இதெல்லாம் பார்த்தா ஒருத்தர்கூட ஏறாமயே கெளம்புது."

என் மனைவி சிரித்துவிட்டாள். அங்கே அவள் சிரித்திருக்க வேண்டாம்.

"தண்ணி நல்லா குடிக்கறீங்களா?"

"பஸ் ஏறுற நாள்ல குடிக்கிறதில்ல," என்றேன் பெருமையாக.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். தண்ணீர் குறைந்தால் மூத்திரம் கெட்டியாகிப் பையை எரிச்சலூட்டுமாம். எரிச்சல் பட்ட நரம்பு இன்னும் சத்தமாகச் சேதி அனுப்புமாம். ஓய்வு பெற்ற இந்தப் பதின்மூன்று வருடமாக நான் செய்த இரண்டு முன்னெச்சரிக்கைகளுமே நோயை வளர்த்திருக்கின்றன. நாள்தோறும் குட் மார்னிங் படம் அனுப்புகிறவருக்கு மரியாதைக்குப் பதில் போட்டால், அவர் மறுநாள் முதல் மூன்று வேளையும் அனுப்புவார் இல்லையா? அதைத்தான் நான் என் உடம்புக்குள் செய்திருந்தேன்.

மருந்து ஒன்று கொடுத்தார். அதைவிடப் பயிற்சிதான் முக்கியம் என்றார். அவசரம் வந்தால் ஓடக்கூடாது. ஓடினால் மூளை இதை நிஜமான ஆபத்து என்று நம்பிவிடும். நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், முடிந்தால் உட்கார வேண்டும். மூத்திரத்தை அடக்கும் கீழ்த் தசையைச் சட்சட்டென்று சில முறை இறுக்கிவிட வேண்டும். அந்த இறுக்கம் நரம்பு வழியே போய்ப் பையை 'அடங்கு' என்று சொல்லுமாம். அதற்குள் மனத்தை வேறு வேலையில் செலுத்த வேண்டும். அவசரம் அலை மாதிரி ஏறி இறங்கும். இறங்கிய பிறகு நடந்து போகலாம்.

"மனசுக்கு வேலைன்னா, நூறிலேர்ந்து ஏழு ஏழாக் கழிச்சுக்கினு வாங்க," என்றார்.

அங்கேதான் அவர் ஆள் தெரியாமல் சொல்லிவிட்டார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது எனக்கு ஒரு வேலையா? வீட்டில் முதல் நாள் முயன்றேன். நான்கு விநாடியில் இரண்டுக்கு வந்துவிட்டேன். அவசரம் அப்படியே இருந்தது. ஓடினேன். பதின்மூன்று பதின்மூன்றாகக் கழித்துப் பார்த்தேன். வர்க்கங்களைச் சொல்லிப் பார்த்தேன். கணக்குப் போட்டுக்கொண்டே மூத்திரத்தை நினைக்க என்னால் தாராளமாக முடிந்தது.

கடைசியில் வழி கிடைத்தது எங்கள் ஊரின் குழப்பத்திலிருந்துதான். நான் பாடம் நடத்தியது தமிழில். சந்தையில் பேரம் பேசுவது தெலுங்கில். இரண்டும் தனித்தனியாகத் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும் என்றால் நாக்கு இடறுகிறது. நூறு என்று தமிழில் தொடங்கி, தொம்பை மூடு என்று தெலுங்கு, எண்பத்தாறு தமிழ், டெப்பை தொம்மிதி தெலுங்கு. அறுபத்தைந்தைத் தெலுங்கில் பிடிக்கப் போகும்போது தமிழ் குறுக்கே வந்து நிற்கும். அதை விலக்கி மறுபடி பிடிப்பதற்குள் அலை இறங்கிவிட்டிருக்கும். முதல் முறை அது இறங்கியபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஹாலின் நடுவில் ஒற்றைக் காலைத் தூக்கியபடி நின்றுகொண்டு காத்திருந்தேன். வரவில்லை.

"இன்னா, செலை மாதிரி நிக்கறீங்க?" என்றாள் மனைவி.

"போய்டுச்சி."

"எங்க? வேட்டியிலயா?"

"இல்லடி, வந்தது திரும்பிப் போய்டுச்சி!"

அன்றிலிருந்து அவளும் பயிற்சியில் இறங்கினாள். குளியலறைக் கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டுக் கீரை ஆய்வாள். "இப்பத்தான போனீங்க?" என்பாள். போகும் நேரங்களுக்கு இடையே கால் மணி கால் மணியாகத் தூரத்தைக் கூட்டினோம். சறுக்கியதும் உண்டு. இரண்டாவது வாரம் என் தம்பி வந்திருந்தபோது, பேசிக்கொண்டே சொம்பிலிருந்து டம்ளரில் தண்ணீரை உயரத் தூக்கி ஊற்றினான். நான் கீரையையும் நாற்காலியையும் தாண்டி ஓடினேன். திரும்பி வந்தபோது அவன், "ண்ணா, பெரியவங்களுக்குன்னு இப்ப பேடு விக்கறாங்க. பட்டு வேட்டிக்குள்ள யாருக்குத் தெரியும்?" என்று ஆறுதல் சொன்னான். பிறகு, பட்டு வேட்டி தனக்கும் ஒன்று எடுத்துவிட்டதாகச் சொன்னான். எதுக்கும் இருக்கட்டும் என்று.

அவன் போனபின் மனைவி அந்தச் சொம்பை எடுத்து உள்ளே வைத்தாள். தண்ணீர்ச் சத்தம்தான் விஷயம். கன்யாதானத்தில் முதலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவ வேண்டும். மனைவி செம்பிலிருந்து ஊற்ற, நான் கழுவ வேண்டும். பிறகு மகள் கையைப் பிடித்துக் கொடுக்கும்போதும் அவள் தாரையாக ஊற்ற வேண்டும். எனக்கென்றே யோசித்து வைத்த சடங்கு மாதிரி இருந்தது.

அந்த ஞாயிறு மகள் வந்தபோது ஒத்திகை வைத்தோம். அவள்தான் மாப்பிள்ளை. நாற்காலியில் உட்கார்ந்து, "மாமய்யா, காலக் கழுவு," என்று மிரட்டலாக இரண்டு காலையும் தாம்பாளத்தில் வைத்தாள். மனைவி ஊற்றினாள். நான் குனிந்து கழுவினேன். இந்தப் பாதங்களை நான் கடைசியாகக் கழுவியபோது அவை என் உள்ளங்கையைவிடச் சிறியவை. சேற்றில் விளையாடிவிட்டு வந்து உதைத்துக்கொண்டிருந்தாள்.

"நைனா, வருதா?" என்றாள் கவலையோடு.

"வரல," என்றேன். பொய்யில்லை. கண்ணில்தான் கொஞ்சம் வந்தது. அதற்கு டாக்டர் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

கல்யாணம் திருப்பதியில் ஒரு மண்டபத்தில், காலை முகூர்த்தம். வேளைக்குத் தண்ணீர் குடித்தேன். காப்பியைத் தொடவில்லை. மணைக்குப் போகும்முன் ஒரே ஒரு தடவை போனேன், அது டாக்டர் அனுமதித்தது. நானும் மனைவியும் உட்கார்ந்தோம். எங்களுக்கு நேர் பின்னால் முதல் வரிசையில் என் தம்பி பட்டு வேட்டியோடு, ஓட்டப்பந்தயத்தில் நிற்பவன் மாதிரி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான்.

மாப்பிள்ளை காலைத் தாம்பாளத்தில் வைத்தார். மனைவி செம்பைச் சாய்த்தாள். முதல் தாரை பித்தளையில் விழுந்து ஒலித்ததும் கீழேயிருந்து சேதி கிளம்பிவிட்டது.

"ண்ணா, வரட்டா?" பின்னாலிருந்து கிசுகிசுப்பு.

நான் தலையை அசைத்தேன். தசையை இறுக்கினேன். நூறு. தொம்பை மூடு. எண்பத்தாறு. மனத்துக்குள் சொன்னதாகத்தான் நினைத்தேன். உதடு அசைந்திருக்கிறது. புரோகிதர் அதைப் பார்த்துவிட்டார். பெண்ணின் தகப்பன் தன் மந்திரத்தைப் பின்தொடர்ந்து சொல்கிறார் என்று முடிவு செய்துவிட்டார். அவர் முகம் மலர்ந்தது.

"மாஸ்டாரு எந்த ஸ்ரத்தகா செப்துன்னாரு, சூடண்டி!" என்று சபையைப் பார்த்துச் சொன்னார். எவ்வளவு சிரத்தையாகச் சொல்கிறார் பாருங்கள் என்று. "இந்தக் காலத்துல யாரு சொல்றாங்க? உங்களுக்காக முழுசாவே சொல்றேன்."

சுருக்கமாக முடிக்க இருந்ததை அவர் நிறுத்தி நிதானமாக, ஒரு வரி விடாமல் சொல்ல ஆரம்பித்தார். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. டெப்பை தொம்மிதியில் தடுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி நூறிலிருந்து தொடங்கினேன். புரோகிதர் இன்னும் உற்சாகமானார்.

அலை இறங்கியது. எப்போது இறங்கியது என்று சொல்லத் தெரியவில்லை. மகளின் கையை என் கையில் வைத்தார்கள். மருதாணி இன்னும் வாசனையாக இருந்தது. கை சில்லென்றிருந்தது. வங்கியில் எத்தனையோ பேரை அதட்டும் பெண். மனைவி தண்ணீரை ஊற்றினாள். அது என் விரல், மகள் விரல், மாப்பிள்ளை விரல் வழியாக இறங்கித் தட்டில் சொட்டியது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. கீழேயிருந்து ஒரு சேதியும் வரவில்லை. வந்திருந்தாலும் மேலே படிக்க ஆளில்லை. நான் எதையும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை.

"ஆச்சி நைனா," என்றாள் மகள் மெதுவாக.

சீரக வெல்லத்தை ஒருவர் தலையில் ஒருவர் வைத்து, தாலி கட்டி, அட்சதை விழுந்து, எங்களை எழுந்திருக்கலாம் என்றபோது ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. என் தம்பி முதலில் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினான். "கெட்டிக்காரன்ணா நீ," என்றான். உண்மையாகத்தான் சொன்னான்.

அதன் பிறகுதான் போனேன். நடந்துதான் போனேன், ஓடவில்லை. வழியில் பார்த்தவர்கள் எல்லாம் நிறுத்தி வாழ்த்தினார்கள். எல்லோருக்கும் நின்று கும்பிடு போட்டேன். ஆண்கள் பக்கம் நான்கு கதவு. மூன்றுக்குள் சமையல்காரர்கள் வாழையிலைக் கட்டுகளை அடுக்கிப் பூட்டியிருந்தார்கள். நான்காவது கதவுக்கு முன்னால், எதிர்ப்பக்கத்திலிருந்து வேகமாக வந்து நின்றவர் மாப்பிள்ளையின் தகப்பனார்.

அதுவரை நானும் அவரும் மாலை மாற்றும்போது தவிரப் பேசிக்கொண்டதில்லை. கடுகடுப்பான மனிதர் என்று நினைத்திருந்தேன்.

"ரண்டி பாவகாரு, மீரு முந்து," என்றார். வாங்க சம்பந்தி, நீங்கள் முதலில் என்று.

பெண்ணைக் கொடுத்தவன் நான். சம்பந்தியை நிற்கவைத்து நான் உள்ளே போனால் நாளைக்கு என் மகளுக்குத்தானே பேச்சு வரும்? "சே சே, நீங்க போங்க," என்றேன்.

"லேது லேது, நீங்க எவ்வளவு நேரமா ஒக்காந்திருந்தீங்க…"

"மாப்பிள்ளை வீடு. மரியாதை உங்களுக்குத்தான்."

இரண்டு பேரும் கையை நீட்டிக் கதவைக் காட்டிக்கொண்டே நின்றோம். அவர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினார். அந்த அசைவு எனக்கு நன்றாகத் தெரிந்த அசைவு.

"பாவகாரு," என்றேன், "உங்களுக்கு எப்பலேர்ந்து?"

அவர் என்னைப் பார்த்தார். கடுகடுப்பு முழுவதும் கரைந்தது. "மீரு என் பையன் காலக் கழுவினப்பலேர்ந்து," என்றார். "ஆ நீள்ள சப்தம் உந்தே, அந்தத் தண்ணிச் சத்தம்! லக்ன பத்திரிகை அன்னிக்கு நீங்க எயுந்து எயுந்து போனப்ப, எனக்கு எவ்வளவு பொறாமையா இருந்துச்சு தெரியுமா? மாப்பிள்ளை வீட்டுக்காரன் எப்படிங்க எயுந்து போறது?"

"மொதல்ல உள்ள போங்க," என்று கதவைத் திறந்துவிட்டேன்.

அவர் உள்ளே குழாயைத் திறந்தார். கதவுக்கு வெளியே, அந்தச் சத்தத்துக்கு முன்னால், நான் நின்றேன். அவர் வெளியே வந்து, நான் போய்வரும் வரை காத்திருந்தார். பிறகு அங்கேயே சுவரோரம் நின்று என் பயிற்சிக் கதையைக் கேட்டு, டாக்டரின் ஆஸ்பத்திரி எந்தத் தெருவில் என்று கேட்டுக்கொண்டார். ஜாடி புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள், வீட்டிலிருப்பதைத் தொடாதீர்கள் என்று சொன்னேன்.

நாங்கள் தோளில் கைபோட்டுக்கொண்டு திரும்பியபோது போட்டோக்காரர் இரண்டு தகப்பன்களையும் தேடிக்கொண்டிருந்தார். என் மனைவி மேடையிலிருந்து இறங்கி வந்தாள்.

"ரெண்டு பேரும் எங்க போய்ட்டீங்க?"

"சும்மா பேசிக்கினு இருந்தோம் செல்லெம்மா," என்றார் சம்பந்தி, தங்கையிடம் பேசும் கௌரவத்தோடு.

அவள் அவர் கையைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். "பேசினதுல கையெல்லாம் ஈரமாய்டுச்சா?" என்று முந்தானையை எடுத்து என்னிடம் நீட்டினாள்.